ஆலாம்புதூர்ச் செருப்புகள் மாடிப்படிக்கு வந்த ஆடி மாதம்

ஆலாம்புதூர்க் கடைவீதியில், பொங்கியண்ணன் உரக்கடைக்கு மேல்மாடியில், கோகிலவாணி மனநல ஆலோசனை மையம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தபோது, ஓர் ஆடி மாதத்துப் புதன்கிழமை காலை, மாடியில் ஈ காக்கைகூட இல்லாத நேரத்தில், கீழே படிக்கட்டடியில் நாற்பத்தொரு ஜோடிச் செருப்புகள் வந்து வரிசையாக நின்றன. யாரும் கொண்டுவந்து வைத்தவை அல்ல. வடக்கே சந்தைத்திடலில் இருந்தும் தெற்கே வாய்க்கால்மேட்டில் இருந்தும் அவையாகவே நடந்து வந்திருந்தன. புழுதியில் தடம் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே கால் இல்லாத நடை என்பதால் கொஞ்சம் லேசாகப் பதிந்திருந்தது, அவ்வளவுதான். வாசல் பெருக்க வந்த மாரக்காள் அவற்றைச் சுற்றிப் பெருக்கிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

செருப்புகள் ஏன் அங்கே வந்தன என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே செருப்புகளுக்கு என்ன வேலை என்பதைச் சொல்லியாக வேண்டும். மாடியில் புதுப் பளிங்குக்கல் பதித்திருந்த பொங்கியண்ணன், வருகிறவர்கள் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் வியாபாரிகள் சங்கத் தலைவர், கட்டடத்துக்குச் சொந்தக்காரர், கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊரில் யார் செருப்பு எது என்று சொல்லக்கூடியவர். ஆகவே கோகிலவாணி மேலே கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, காத்திருக்கிற ஆளும் வெளியேறுகிற ஆளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாதபடி நேரம் ஒதுக்கி, எழுதுகிற குறிப்பில்கூடப் பெயருக்குப் பதில் எண் போட்டு, இத்தனையும் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்க, கீழே கடைவீதி முழுக்க, "ஓகோ, இன்னைக்கு மேல பால் சொசைட்டிக்காரரு" என்று சிரித்துக்கொண்டிருந்தது. செருப்பு அலமாரியை மேலே வைத்துக்கொள்கிறேன் என்று அவள் மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். பொங்கியண்ணன் மூன்று முறையும் கல்லைக் காட்டினார்.

வருகிறவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்கள், எதிர்ப்பக்கத்து ரேஷன் கடை வாசலில் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள், மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். இதில் மச்சானுக்குப் பைத்தியம் என்று ஊரில் பேச்சாகி, அந்த மச்சான் தன் பங்குக்கு நிஜமாகவே மாடியேற வேண்டி வந்ததும் உண்டு.

இளமதிக்கு இந்தத் தந்திரமெல்லாம் தெரியாது. மாட்டாஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளர் வேலை பார்க்கிறவள், மிரண்ட காளைக்கே நின்று ஊசி போடுகிறவள். தன் கிளிப்பச்சைச் செருப்பை, இடது வாரில் வெள்ளை நூல் போட்டுத் தைத்த அதே செருப்பை, எல்லோரும் பார்க்கப் படிக்கட்டடியில் நட்டநடுவே விட்டுவிட்டு எட்டு வாரம் வந்துகொண்டிருந்தாள். ஒன்பதாவது வாரம், அவளுக்கு உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷின் அத்தை தெய்வாத்தாள் யூரியா வாங்க வந்தாள். பச்சைச் செருப்பைப் பார்த்தாள். நிச்சயத்தன்று பந்தியில் அதே செருப்பின் வெள்ளைத் தையலைப் பார்த்தது ஞாபகம் வந்தது. யார் இறங்கி வருகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட எதிர்க்கடையில் உட்கார்ந்து காத்திருந்து, இளமதி இறங்கிப் போன பிறகு மாடியேறினாள்.

"ஏனுங் அம்மிணி, இப்பப் போச்சே பச்சைச் செருப்புப் புள்ள, அது உங்ககிட்ட வைத்தியத்துக்கு வருதுங்களா?"

"யாரு வர்றாங்கன்னு நான் சொல்றதில்லீங்க பெரியம்மா."

"வர்றதச் சொல்ல வேண்டாஞ் சாமி. வரலைன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. வேற சோலியா வந்துச்சுன்னு நெனச்சுட்டு, நாங்க பாட்டுக்குக் கல்யாண வேலையப் பாத்துட்டுப் போறம்."

"அதையுஞ் சொல்றதில்லீங்க."

தெய்வாத்தாள் இன்னொரு முறை கேட்டாள். கோகிலவாணி இன்னொரு முறை அதையே சொன்னாள். ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்காது. ஆனால் இன்று ஒருத்திக்காக 'வரவில்லை' என்று சொன்னால், நாளை இன்னொருவருக்காக அவள் வாய்மூடி நிற்கும்போது அந்த மௌனத்துக்கு 'வருகிறார்' என்று அர்த்தமாகிவிடும். பதினைந்து வருஷம் பார்த்த தொழிலில் அவள் சந்தேகமில்லாமல் அறிந்த ஒரு விஷயம் அதுதான். தெய்வாத்தாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான்காம் நாள் உப்பும் சர்க்கரையும் திரும்பி வந்துவிட்டன.

இளமதி வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங் மேடம்."

"சொல்லியிருக்கலாம் இளமதி. சொல்லியிருந்தா இந்தக் கதவுக்கு அர்த்தமில்லாம போயிருக்கும்."

"இப்ப எனக்கு என்ன அர்த்தம் மிச்சமிருக்குதுங்?"

இளமதி போனவள் அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தான் செய்தது சரி என்று கோகிலவாணிக்குத் தெரியும், அதனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கிறது என்பதும் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவளால் சோறு தின்ன முடியவில்லை. ஆடிக் கடைசியோடு மையம் மூடப்படும் என்று ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தாள். ஒட்டுவதற்குள் செருப்புகள் வந்துவிட்டன.

புதன்கிழமை நாற்பத்தொன்று, வியாழக்கிழமை நூற்றுப் பத்து, வெள்ளிக்கிழமை உரக்கடை தாண்டி, பாத்திரக்கடை தாண்டி, பிள்ளையார் கோவில் அரசமரம் வரைக்கும் வரிசை. ரப்பர்ச் செருப்பு, தோல்செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, தலைமையாசிரியரின் பளபளப்பான ஷூ, எஸ்.ஐ.யின் பூட்ஸ், நேற்றுத்தான் கல்யாணமான ஒருத்தியின் ஜிகினா வைத்த செருப்பு, எல்லாம் மூக்கைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒன்றையொன்று இடிக்காமல், அவரவர் இடம் பிடித்து நின்றன. ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனால் மறுநாள் காலையில் திரும்ப வந்து அதே இடத்தில் நின்றன. பீரோவில் பூட்டி வைத்தாலும் வந்தன. கிணற்றில் போட்ட ஒரு ஜோடி மட்டும் ஈரமாக வந்தது. புதுச்செருப்பு வாங்கினால் ஒரு நாள் காலில் கிடந்தது, மறுநாள் அதுவும் கிளம்பியது. செருப்புக் கடைக்காரருக்கு முதல் வாரம் கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாம் வாரம் அவருடைய செருப்பே போய்விட்டது.

யார் செருப்பு போகிறது, யார் செருப்பு போகவில்லை என்பது மெல்ல மெல்ல ஊருக்குப் பிடிபட்டது. நெஞ்சுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவர்களின் செருப்புத்தான் போகிறது. சின்னக் குழந்தைகளின் செருப்பு போகவில்லை. டீக்கடை ராக்கியப்பன் எதையும் உள்ளே வைக்கத் தெரியாத மனுஷன், அவர் செருப்பு போகவில்லை. ஏற்கெனவே மாடியேறிப் போய்க்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர், ஊர் யாரைக் கண்டு சிரித்ததோ அவர்கள், காலில் செருப்போடு ஜம்மென்று நடந்தார்கள். அதிலும் இளமதி கிளிப்பச்சைச் செருப்பைப் போட்டுக்கொண்டு டக்டக்கென்று கடைவீதி வழியாக மாட்டாஸ்பத்திரிக்குப் போகும்போது, ஊரே நெருஞ்சி முள்ளை மிதித்து நொண்டிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டது.

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை தோன்றியது அப்போதுதான். வெறுங்காலோடு நடக்கிறவன் மனசுக்குள் ஏதோ இருக்கிறது என்று ஊர் சொல்லும். பழனிக்கு மாலை போட்டவனும் வெறுங்காலோடுதானே நடக்கிறான்? முதலில் பொங்கியண்ணன்தான் பச்சை வேட்டி கட்டி, கழுத்தில் துளசிமாலை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். அவருடைய கனத்த டயர்ச் செருப்பு முதல் நாளில் இருந்தே முதல் படியடியில், யாருக்கும் இடம் விடாமல், நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. அது திருடு போனது என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். எழுதி வாங்கிய கான்ஸ்டபிளும் வெறுங்காலோடுதான் இருந்தார். மறுநாள் தலைமையாசிரியர் மாலை போட்டார், அதற்கு மறுநாள் பால் சொசைட்டியே மாலை போட்டது. தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்க, ஜவுளிக்கடையில் பச்சை வேட்டி தீர்ந்து, காவி வேட்டியும் தீர்ந்து, கடைசியில் கிடைத்த நிறத்தை எல்லாம் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். எதிரெதிரே வருகிற இரண்டு பேர், "நீங்களும் மாலைங்களா?", "ஆமாங், ஒரு வேண்டுதல்" என்று சொல்லிக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் பார்த்துவிட்டு, சட்டென்று ஆடிக்காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாலை போட்டுவிட்டு நடக்காமல் இருந்தால் சாமிக் குற்றம் ஆயிற்றே. முந்நூறு பேர் புழுதிக் காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பழனிக்கு நடந்தே போய், முருகனே திகைக்கும்படி ஆடியில் மொட்டையடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் செருப்புகள் அப்படியே நின்றன.

செருப்பைக் கேட்டு முதலில் மாடியேறியவர் மினிபஸ் ஓட்டுகிற ஆறுச்சாமி. பிரேக்கை மிதித்து மிதித்து உள்ளங்கால் கொப்பளித்துப் போயிருந்தது.

"மேடம், என்ற செருப்ப எப்பிடியாவது என்கூட அனுப்பிச்சு வையுங்க. உங்க பேச்சக் கேக்கும்னு சொல்றாங்கொ" என்றார்.

"உக்காருங்க. உங்களுக்கு எப்பிடி இருக்குது, அதச் சொல்லுங்க மொதல்ல."

"கால் வலிக்குதுங்."

"கால் தவிர?"

ஆறுச்சாமி ஜன்னல் திரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், எழுந்து போய்விடலாமா என்று கதவைப் பார்த்தார். பிறகு ஐம்பது நிமிஷம் பேசினார். அறுபத்து மூன்று வயதில் அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாரும் குறுக்கே பேசாமல் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. இறங்கி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலை அது அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தது. இந்தச் செய்தி மினிபஸ்ஸின் எட்டு நிறுத்தங்களிலும் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஆரம்பித்தது கூட்டம். கோகிலவாணி இழுப்பறையில் இருந்த தாளை மறந்தே போனாள். ஒரு நாளைக்கு ஏழு பேருக்கு மேல் பார்க்க மாட்டேன், எட்டாவது ஆளுக்கு என் காது கேட்கும், மனசு கேட்காது என்று கறாராகச் சொன்னாள். மண்டைக்கனம் பிடித்தவள் என்றார்கள். தேங்காய் கொண்டுவந்தவர்களைத் தேங்காயோடு திருப்பி அனுப்பினாள். அதற்கும் அதையே சொன்னார்கள். நாத்தனார் செருப்பும் வரிசையில் நிற்பதைப் பார்த்து, சொந்தக்காரர்களை நான் பார்க்கக் கூடாது, பொள்ளாச்சியில் வேறு ஆள் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தாள். நாத்தனார் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழு பேர் சொன்னதையும் சுமந்துகொண்டு சாயங்காலம் படியிறங்கும்போது, அந்தச் செருப்புகளை மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், வரிசையில் பாத்திரக்கடைக்கு நேரே, அவள் தன் புருஷன் சென்னியப்பனின் செருப்பைப் பார்த்தாள். கட்டைவிரல் பக்கம் தேய்ந்து, சொட்டுநீர்க் குழாய்க்குப் பூசுகிற பசை ஒட்டிய அதே செருப்பு. பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு, தன்னிடம் சொல்லாமல் ஒன்று உள்ளே கிடக்கிறது என்பதை நடுக்கடைவீதியில் தெரிந்துகொள்வது லேசான காரியம் அல்ல. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவருடைய குழாய்க்கடைக்குப் போனாள். போய்ப் பார்த்தால், காலையில் காணோம் என்று அவள் வீடெல்லாம் தேடிக் கிடைக்காமல் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாளே, அந்த அவளுடைய செருப்பு கடை வாசலில் அவர் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் கடைக்குள், குழாய்ச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள்.

"நீங்க மாடியேறி வந்தா நான் பாக்க முடியாதுங்க. இங்கயே சொல்லுங்க" என்றாள்.

சென்னியப்பன் குழாயின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "போன சித்திரைல பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தேன் வாணி. நீ எதுக்கால வந்தே. என்ற மூஞ்சியப் பாத்தே. பாத்துட்டு, யாரோ எவரோ மாதிரி அக்கட்டால போயிட்டே."

கோகிலவாணிக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. தன்னிடம் வருகிறவர்களை வெளியில் கண்டால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அவர்கள் பக்கத்தில் நிற்கிறவர் 'இந்தம்மாவை எப்படித் தெரியும்' என்று கேட்டுவிடுவார் என்பதற்காக, நாலு வருஷமாகக் கடைவீதியில் எந்த முகத்தைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரிப் போகப் பழகியிருந்தாள். பழகிப் பழகி, கட்டின புருஷன் முகமும் அதில் ஒன்றாகிவிட்டது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"சரி, உன்ற செருப்பு எதுக்கு இங்க வந்துச்சு, அதச் சொல்லு" என்றார் அவர்.

"தெனமும் சொமந்துட்டு வர்றேன். இன்னைக்கு எப்பிடி இருந்துச்சுன்னு நீங்க ஒருநா கேட்டதில்லீங்க."

"நீ சொல்லமாட்டீன்னுதானே கேக்கல."

"அவங்க கதையச் சொல்லமாட்டேன். என்ற கதையச் சொல்லலாமில்லீங்களா?"

அன்று சென்னியப்பன் பாதிக் கதவைச் சாத்திவிட்டு அவள் கதையைக் கேட்டார். இளமதியைப் பற்றிப் பெயர் சொல்லாமல், தான் வாயை மூடியதால் ஒரு வீடு இருண்டுபோனதைப் பற்றி அவள் சொன்னாள். அவர் யோசனை ஏதும் சொல்லவில்லை, கேட்டார், அவ்வளவுதான். மறுநாள் காலை கோகிலவாணி இழுப்பறையில் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். மூடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்த அன்றே பொங்கியண்ணனும் ஒரு முடிவு செய்தார், மாடியைக் காலி செய்ய வைப்பதென்று.

செல்லாண்டியம்மன் திருமண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வியாபாரிகள் சங்கக் கூட்டம். ஊரே வந்திருந்தது. பச்சையும் காவியுமாக, மொட்டைத்தலைகளும் வெறுங்கால்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. செருப்பு போட்டிருந்தவர்கள் ஐம்பது அறுபது பேர் இருக்கலாம், அதில் முன்வரிசையில் இளமதி. ஐந்தாறு வரிசை தள்ளி, தெய்வாத்தாளும் ஜெயப்பிரகாஷும் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொங்கியண்ணன் மைக்கைப் பிடித்தார். "இந்தம்மா மாடிக்கு வந்து ஊரு மானமே செருப்போட போச்சுங்க. நல்ல குடும்பத்து ஆளுகளுக்கெல்லாம் கெட்ட பேரு. நான் ஞாயமாக் கேக்கறேன். யாரு யாரு நெசமாலுமே வைத்தியத்துக்கு வந்தாங்கன்னு இந்தம்மா இந்த மைக்குல சொல்லிப்போடட்டும். மத்தவீங்கெல்லாம் சும்மா செருப்பத் தொலைச்ச ஆளுகன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோகும். சொல்லமாட்டேன்னா நாளைக்கே மாடியக் காலி பண்ணட்டும்."

கோகிலவாணி எழுந்து மேடைக்குப் போனாள். முன்வரிசையில் கிளிப்பச்சைச் செருப்பு தெரிந்தது, அந்தச் செருப்புக்கு மேலே இருந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. இப்போது வாய் திறந்தால் மாடி இருக்கும், வேலை இருக்கும், வரிசையில் காத்திருக்கிற அத்தனை பேரையும் பார்க்கலாம். திறக்காவிட்டால் நாளை பெட்டியைக் கட்ட வேண்டும், ஆடிக்காற்றில் அந்தச் செருப்புகள் யாரும் இல்லாத படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு நான் சொல்றதில்லீங்க" என்றாள். அன்று சொன்ன அதே குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

பொங்கியண்ணன் வெற்றி முகத்தோடு வாய் திறப்பதற்குள், பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. தெய்வாத்தாள் எழுந்து நின்றாள். மைக் வேண்டாத தொண்டை அவளுக்கு.

"பொங்கியண்ணா, நில்லுங்க. அன்னைக்கு இந்த அம்மிணிகிட்ட மாடியேறிப் போயி நாந்தான் கேட்டேன். ஒருக்காச் சொல்லலைன்னு மறுக்காவும் கேட்டேன். வாயத் தொறக்கல. கோவத்துல ஒரு நல்ல சம்பந்தத்தயே முறிச்சுப்போட்டேன். இப்ப என்ற செருப்பு இருவது நாளா அங்க நிக்குது. எதுக்கு நிக்குதுன்னு எனக்குத் தெரியும். என்ற வீட்டுக்காரருக்குத் தெரியாது, என்ற மக்களுக்குத் தெரியாது. முப்பது வருசமா வெச்சிருக்கறேன்." அவள் ஒரு மூச்சு விட்டாள். "அன்னைக்கு அந்தப் புள்ளயப் பத்தி எங்கிட்டச் சொல்லியிருந்தா, நாளைக்கு என்னையப் பத்தி உங்ககிட்டச் சொல்லுவா. சொல்லலையே! அவகிட்டத்தான் நான் பேசுவேன். மாடியக் காலி பண்ண நான் உடமாட்டேன்."

ஒரு வாய் மூடியிருப்பதன் அருமை அந்த மண்டபத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எஸ்.ஐ. எழுந்தார். தலைமையாசிரியர் எழுந்தார், பால் சொசைட்டி மொத்தமாக எழுந்தது, ஜிகினாச் செருப்புக்காரப் பெண் எழ, அவளுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் திகைத்துப் பார்த்துவிட்டு அவனும் எழுந்தான். பழனி மாலையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவர்கள் உண்டு, மாலையோடே எழுந்தவர்களும் உண்டு. காலி பண்ணச் சொல்கிறவர்கள் உட்கார்ந்திருக்கலாம் என்று ஆறுச்சாமி பின்னால் இருந்து கத்தினார். மண்டபத்தில் ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை. சிரிப்பும் கைதட்டலும் எழுந்து, மண்டபத்துக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் வெளியே பறந்துவிட்டன. கோகிலவாணி மேடையின் ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷமாகப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போன முகங்கள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்படிச் சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அந்த ஆரவாரத்தில் ஜெயப்பிரகாஷ் முன்வரிசைக்கு வந்தான். வெறுங்காலில் ஒரு முள் குத்திய கட்டு இருந்தது. எல்லோரும் கேட்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, ஆனால் அவன் வந்ததைப் பார்த்து மண்டபம் தானாகவே அடங்கிவிட்டது.

"அத்தை பேச்சக் கேட்டுத் தப்புப் பண்ணிப்போட்டேன் இளமதி. மறுபடியும் உப்புச்சர்க்கரை எடுத்துட்டு வரட்டுங்களா?"

இளமதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். மாட்டுக்கு என்ன வியாதி என்று பார்க்கிற நிதானத்தோடு நன்றாகப் பார்த்தாள்.

"உங்க செருப்பு எங்கீங்க?"

"அங்கதான் நிக்குது. பாத்திரக்கடை கிட்ட."

"அப்ப மொதல்ல நீங்க மேல போய்ட்டு வாங்க. உங்களுக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்கே தெரியட்டும். அதுக்கப்புறம் எனக்குப் புடிச்சா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்க, நடுவழியில் நடந்து வெளியே போனாள். அவனுக்குத் தெய்வாத்தாளே வழிவிடச் சொல்லி, "போ, போயி டோக்கன் வாங்கு" என்று முதுகில் தட்டினாள்.

அன்றைக்கே சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். வருகிறவர்கள் செருப்பை மேலே கொண்டுபோய்க் கண்மறைவாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி, பொங்கியண்ணனும் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒருவர்கூட மேலே கொண்டுபோகவில்லை. இது என்னுடையது என்று எல்லோரும் பார்க்கும்படி, கீழேயே, படிக்கட்டடியில் நட்டநடுவே, ஜோடி சேர்த்து விட்டுவிட்டு ஏறினார்கள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதம் போகப்போக வரிசை அரசமரத்தில் இருந்து பாத்திரக்கடைக்குச் சுருங்கி, பாத்திரக்கடையில் இருந்து உரக்கடைக்குச் சுருங்கி, கார்த்திகையில் முதல் படியடியில் அந்த ஒரு ஜோடி டயர்ச் செருப்பு மட்டும் மிஞ்சியது.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு, கடைவீதி நிறைந்து கிடக்கும் நேரத்தில், பொங்கியண்ணன் கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அரிசிக்கடையில் தராசு அந்தரத்தில் நின்றது. டீக்கடையில் ராக்கியப்பன் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே ஊற்றினார். பொங்கியண்ணன் யாரையும் பார்க்காமல், இருபத்து மூன்று படிகளையும், ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று நின்று ஏறினார். தன் பணத்தில் தானே பதித்த பளிங்குக்கல் உள்ளங்காலுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோகிலவாணி எழுந்து நின்று, வாங்க, உக்காருங்க என்றாள். அவர் உட்கார்ந்தார். நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார்.

"அம்மிணி, நான் சொல்றது இந்த ரூமத் தாண்டாதில்ல?"

"தாண்டாதுங்க."

"யாரு வந்து கேட்டாலும்?"

"யாரு வந்து கேட்டாலும்."

பெரிய மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சொல்றேன் கேளு கண்ணு. எனக்கு அப்ப பதினாலு வயசு..." என்று ஆரம்பித்தார்.

கோகிலவாணி நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். இதற்குமேல் நாம் இங்கே நிற்கக் கூடாது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வாருங்கள், கீழே போய்விடலாம்.